பனிச்சறுக்குக் கையுறை: கையால் அலசுவதா, மெஷினில் போடுவதா, துடைத்து வைத்தால் போதுமா?

ஏப்ரலில் பனிச்சறுக்குப் பருவம் முடிந்து சாமான்களை எடுத்துவைக்கும்போது ஜாக்கெட்டும் பேண்ட்டும் சலவை மெஷினுக்குப் போகும். கையுறையும் அழுக்காகத்தானே இருக்கிறது என்று அதையும் கூடவே உள்ளே போட்டுவிடுகிறார்கள். நல்ல கையுறைகள் பலவும் கெட்டுப்போவது மலையில் அல்ல, இந்த மெஷினில்தான். இன்னும் பல, மெஷினிலிருந்து பிழைத்து வந்தபிறகு ஹீட்டர் மேல் காயவைக்கப்பட்டுக் கெடுகின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முழுத் தோல் கையுறையைத் தண்ணீரில் முக்கக் கூடாது. துடைத்து, தோலுக்குக் கொழுப்பு ஊட்ட வேண்டும். துணிக் கையுறையைக் கையால் அலசலாம். கழற்றி எடுக்கக்கூடிய உள்கையுறையை மெஷினில் போடலாம். மேலே துணி, உள்ளங்கையில் தோல் என்று கலந்து வருவதுதான் இன்று கடையில் அதிகம், குழப்பமும் அதில்தான். அதைத் தோல் கையுறையாகவே நடத்துவது பாதுகாப்பு. இவற்றுக்கான காரணம் தெரிந்துவிட்டால், உங்கள் கையில் இருக்கும் ஜோடிக்கு எது பொருந்தும் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

உள்ளே இருப்பது நான்கு அடுக்கு

வெளியுறை நைலான், பாலியஸ்டர் அல்லது தோல். அதற்குள் நீர்புகாச் சவ்வு. கோர்-டெக்ஸ் இதில் பெயர் பெற்றது. வேறு பெயர்களில் பாலியூரித்தேன் சவ்வுகளும் உண்டு. சவ்வை ஒட்டி வெப்பம் காக்கும் பஞ்சு, பெரும்பாலும் பிரைமாலாஃப்ட் போன்ற செயற்கை இழை. கைபடும் இடத்தில் மெல்லிய உள்துணி.

ஜாக்கெட்டில் சவ்வு பெரும்பாலும் துணியோடு ஒட்டியே வரும். கையுறையில் அப்படி இல்லை. சவ்வைக் கை வடிவப் பையாகத் தனியே செய்து வெளியுறைக்குள் செருகியிருப்பார்கள். அந்தப் பை விரல் நுனிகளில் சின்னப் பட்டை அல்லது ஒரு சொட்டுப் பசையால் மட்டும் பிடித்துவைக்கப்பட்டிருக்கும். உள்துணியின் நுனிக்கும் அப்படித்தான். கையுறையை உட்புறம் வெளியே வரப் புரட்டினாலோ, வேர்வையில் நனைந்த கையை வேகமாக உருவினாலோ அந்தப் பிடி அறுந்து, விரல்பகுதி உள்துணி சுருண்டு வெளியே வந்துவிடும். அதைப் பழையபடி ஐந்து விரலுக்குள்ளும் நுழைப்பது அநேகமாக நடக்காத காரியம். கையை எடுக்கும்போது முதலில் ஒவ்வொரு விரல் நுனியையும் மறுகையால் லேசாக இழுத்துத் தளர்த்திவிட்டு எடுக்கப் பழகினால் இந்தச் சேதமே வராது.

இன்னொரு விளைவும் உண்டு. தண்ணீரில் முக்கினால் வெளியுறைக்கும் சவ்வுக்கும் நடுவே தண்ணீர் போய்த் தங்கும். வெளியே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே கைவிட்டாலும் காய்ந்திருக்கும். நடுவில் மட்டும் ஈரம் இரண்டு மூன்று நாள் நிற்கும். பூஞ்சை வாடை கிளம்புவது அங்கிருந்துதான்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

தொட்டிப் படத்துக்குள் எண் இருந்தால் அது வரையிலான சூட்டில் மெஷினில் போடலாம். தொட்டிக்குள் கை இருந்தால் கைச்சலவை மட்டும். தொட்டி மேல் பெருக்கல் குறி என்றால் தண்ணீரில் முக்கவே கூடாது. சதுரத்துக்குள் வட்டம் டிரையரைக் குறிக்கும். கையுறைகளில் அது பெரும்பாலும் அடிக்கப்பட்டே இருக்கும். கீழே சொல்வது எதுவும் லேபிளுக்கு மாறாக இருந்தால், லேபிளையே பின்பற்றுங்கள்.

துடைத்தல்

தோல் கையுறைக்கும் கலப்புக் கையுறைக்கும் இதுதான் முதல் தேர்வு. துணிக் கையுறைக்கும் பருவத்தின் நடுவில் இதுவே போதும்.

முதலில் நன்றாகக் காயவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் மண், உப்புத்தூள், பனிச்சறுக்குக் கட்டையின் விளிம்பிலிருந்து ஒட்டிய கறுப்பு ஆகியவற்றைத் தட்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் அழுக்கு தோலின் துளைக்குள் இறங்கிவிடும். பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். போகாத இடத்துக்குத் தோலுக்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் தொட்டு, வட்டமாகத் தேய்த்து, உடனே வேறொரு ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள்.

குளியல் சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் இங்கே வேண்டாம். பதனிட்ட தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, சோப்போ காரம். அது தோல் இழைகளுக்கு நடுவே பதனிடும்போது ஏற்றிய கொழுப்பைக் கழுவி எடுத்துவிடும். கொழுப்பு போன இழைகள் காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கழுவிய தோல் பலகைபோல் விறைப்பது இதனால்தான். நாற்றத்துக்குச் சமையல் சோடா தூவும் வழக்கம் துணிக்குச் சரி. அதுவும் காரம் என்பதால் தோல்மேல் படக் கூடாது.

மூக்கு துடைப்பதற்கென்று கட்டைவிரலின் பின்பக்கம் ஸ்வேட் எனும், நார் எழும்பிய மென்தோல் பட்டை இருக்கும். அது காய்ந்து மினுமினுத்துப்போனால் தண்ணீர் வேண்டாம். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, பிரஷ்ஷால் நார்களை எழுப்பிவிடுங்கள்.

கையால் அலசுதல்

முழுக்கத் துணியாலான கையுறைக்கு எங்கள் தேர்வு இது. உள்ளங்கையில் இருப்பது செயற்கைத் தோல் என்றாலும் இதே முறைதான். வேண்டியவை: ஒரு பேசினில் 30 பாகை செல்சியஸுக்கு மேல் போகாத ஐந்து லிட்டர் தண்ணீர், நீர்புகாத் துணிகளுக்கான சலவைத் திரவம் ஒரு மேசைக்கரண்டி. நிக்வாக்ஸ் டெக் வாஷ், கிரேஞ்சர்ஸ் போன்றவை எளிதாகக் கிடைக்கும். சாதாரணச் சலவைத்தூளை ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. அழுக்கை நீரோடு சேர்க்கும் வேதிப்பொருள் துணியில் மிச்சமாகத் தங்கினால், அது அடுத்த முறை பனியையும் நீரையும் துணியோடு சேர்க்கும். துணியை மென்மையாக்கும் திரவம் இன்னும் மோசம். படலமாகவே படிந்து நீர்விலக்கும் பூச்சை மூடிவிடும்.

வெல்க்ரோவையும் ஜிப்பையும் மூடுங்கள். புறங்கைப் பையில், கையைச் சூடாக்கப் போட்ட பழைய வெப்பப்பொதி கிடக்கிறதா பாருங்கள். உடைந்தால் அதன் இரும்புத்தூள் துருக்கறையாகும். கையுறையை முக்கி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, இரண்டையும் கையில் மாட்டிக்கொண்டு சோப்புப் போட்டுக் கை கழுவுவதுபோலவே ஒன்றோடொன்று தேய்த்துக் கழுவுங்கள். விரல் இடுக்கு தானாகச் சுத்தமாகும். உள்துணியும் இடம் பெயராது. விரல் நுனிக்கும் மணிக்கட்டுப் பட்டிக்கும் பழைய டூத்பிரஷ் போதும்.

அலசுவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். புதுத் தண்ணீரில் மூன்று நான்கு முறை, நுரை அறவே நிற்கும் வரை அலச வேண்டும். கையுறைக்குள் தண்ணீரை நிரப்பி அழுத்திக் கொட்டும்போதும் நுரை வரக் கூடாது. முறுக்கிப் பிழியாதீர்கள். விரல் நுனியைப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மணிக்கட்டு நோக்கி அழுத்திக்கொண்டே வாருங்கள். பிறகு பூந்துவாலையில் சுருட்டி அதன்மேல் முழங்கையால் அழுத்தினால் பாதி ஈரம் போய்விடும்.

மெஷின்

லேபிள் அனுமதித்தால், முன்பக்கக் கதவு மெஷினில், கம்பளிக்கான சுற்றில், 30 பாகையில், வலைப்பையில் போட்டு, சுழற்சியை நிமிடத்துக்கு 600 சுற்றுக்குள் வைத்துக்கொண்டு துவைக்கலாம். நடுவில் தண்டு சுழலும் மேல்கதவு மெஷின் விரல்களை முறுக்கிவிடும், அது வேண்டாம்.

மெஷினின் நன்மை ஒன்றுதான்: நன்றாக அலசும். இழப்பதோ பல. வேகச் சுழற்சியில் பஞ்சு ஒருபக்கமாக ஒதுங்கி, விரல் நுனியில் மெல்லிய இடம் விழும். குளிர் அங்கேதான் முதலில் ஏறும். சவ்வுப் பையின் பிடி அறுந்தால் உள்ளே எல்லாம் திருகிக்கொள்ளும். கறுப்புத் தோல் உள்ளங்கையின் சாயம் வெளிர்நிறத் துணியில் இறங்கும்.

குழந்தைகளின் கையுறை வேறு கதை. சுவிட்சர்லாந்தில் பள்ளிப் பனிச்சறுக்கு முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம் குடும்பங்கள் பல, வளர்ந்துவிடும் கைக்கு ஒரே வாரத்துக்காகப் புதிது வாங்காமல் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்குவார்கள். அந்தக் கையுறைகள் அநேகமாக முழுச் செயற்கை இழை. பலரின் கை நுழைந்தவை. லேபிள் இடம் கொடுத்தால் அவற்றை மெஷினிலேயே துவைக்கலாம். ஆனால் முகாமுக்கு முந்தின நாள் இரவு வேண்டாம். காய்வதற்கு இரண்டு முழுநாள் கையில் இருக்க வேண்டும்.

டிரை கிளீனிங் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கரைப்பான் தோலின் எண்ணெயையும் எடுத்துவிடும், நீர்விலக்கும் பூச்சுக்கும் கேடு. விலையுயர்ந்த முழுத் தோல் கையுறையில் எண்ணெய்க்கறை ஊறிவிட்டால் தோல் சலவையில் பழகிய கடைக்குக் கொடுக்கலாம். மற்றபடி தேவையில்லை.

காயவைப்பதுதான் பாதி வேலை

எந்த முறையில் கழுவினாலும் கடைசியில் கையுறையைக் காப்பதும் கெடுப்பதும் இந்தக் கட்டம்தான். கழுவுவது ஆண்டுக்கு ஓரிரு முறை; காயவைப்பதோ சறுக்கப் போகும் ஒவ்வொரு மாலையும். அதனால், விலையுயர்ந்த கிளீனர் வாங்க நினைப்பவர்கள் முதலில் காற்றூதும் காலணி டிரையர் ஒன்றை வாங்குவது நல்லது. குழாயின்மேல் கையுறையைச் செருகினால், ஏறக்குறைய 40 பாகைக் காற்று விரல் நுனி வரை போய்த் திரும்பும். ஒரு நாள் வேர்வை ஓரிரு மணி நேரத்தில் காயும்; கழுவிய கையுறைக்கு ஒரு இரவும் அதற்கு மேலும் ஆகும். ஆல்ப்ஸ் விடுதிகளில் சாமான்கள் வைக்கும் அறையில் சுவரோடு பதித்திருக்கும் குழாய்கள் இதே வேலையைத்தான் செய்கின்றன. அங்கே தங்கினால் அறைக்கு எடுத்துப்போகாமல் அதிலேயே மாட்டிவிடுங்கள்.

அது இல்லையென்றால் அடுத்தது அறைக்காற்று. விரல்கள் மேலே, வாய் கீழே இருக்கும்படி நிறுத்தினால் தண்ணீர் நுனியில் தேங்காது. காலி பாட்டிலின்மேல் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் மின்விசிறியை ஓடவிடலாம். உள்ளே திணித்த செய்தித்தாள் ஈரத்தை இழுக்கும். ஆனால் இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அதே ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். கழுவிய கையுறைக்கு இப்படி இரண்டு நாளாவது வேண்டும்.

ஹீட்டர் மேலும் கணப்படுப்பின் முன்னாலும் வைப்பது விரைவாகக் காயும் என்பதற்காகத்தான். ஆனால் ஈரத்தோல், வறண்ட தோலைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடும். ஒருமுறை சுருங்கியது திரும்பாது. விரல் நுனிப் பசையும் சூட்டில் இளகும். ஹீட்டர்தான் கதி என்றால் அதன்மேல் வைக்காமல், ஓரடி தள்ளிக் கம்பியில் தொங்கவிடுங்கள்.

கழற்றும் உள்கையுறை உள்ள மாதிரிகளில் இந்தச் சிக்கல் பாதியாகக் குறைகிறது. 1936 முதல் கையுறை செய்துவரும் சுவீடனின் ஹெஸ்ட்ரா நிறுவனத்தின் ஹெலி ஸ்கீ மாதிரி இதற்கு நல்ல உதாரணம். உள்கையுறையை உருவித் தனியே காயவைக்கலாம், 30 பாகையில் தனியே துவைக்கலாம். வேர்வையும் நாற்றமும் தங்குவது உள்கையுறையில்தான் என்பதால் வெளியுறையை முக்கவேண்டிய தேவையே வராது. புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இந்த வகை. உருவும்போது ஓரத்து வெல்க்ரோவை முதலில் பிரித்துவிடுங்கள்.

தோலுக்கு மெழுகா, கிரீமா, எண்ணெயா

சவ்வு இருக்கும் தோல் கையுறைக்குக் கிரீம் அல்லது தைலம். தேனீ மெழுகு, ஆட்டு ரோமக் கொழுப்பான லனோலின் போன்றவை கலந்தது. கைக்குப் பட்டாணி அளவு போதும். கையுறையை மாட்டிக்கொண்டு, தையல், விரல் நுனி, கட்டைவிரல் இடுக்கு என்ற வரிசையில் தேய்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பருவத்தில் இரண்டு மூன்று முறை, கட்டாயமாகக் கடைசியில் ஒருமுறை. தோலின் நிறம் மங்கி, மடிப்பில் வெளிறிய கோடு தெரிந்தால் அதுவே நேரம் வந்துவிட்டதற்கு அடையாளம்.

சவ்வில்லாத தோல் கையுறைக்கு மெழுகு. வட அமெரிக்காவில் மலைப் பாதுகாப்புக் குழுவினரும் லிஃப்ட் இயக்குபவர்களும் விரும்பிப் போடும் கின்கோ 901 பன்றித்தோல் கையுறை இந்த வகை. அதில் நீரைத் தடுப்பது நீங்கள் பூசும் மெழுகுதான். காய்ந்த கையுறையை ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்கி, ஸ்னோ-சீல் போன்ற தேனீ மெழுகைத் தடவி, மறுபடி சூடுகாட்டினால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். இரண்டு பூச்சு, தையலுக்கு மூன்று. தோல் கருக்கும், அது இயல்பு. இதே கனத்தில் சவ்வுள்ள கையுறைக்குப் பூசினால் வேர்வை ஆவி வெளியேறும் வழி அடைபட்டு உள்ளே கை நனையும்.

எண்ணெயை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தோலை அளவுக்கு மீறி இளக்கும். விரல்கள் நீண்டு தொளதொளக்கும். ஊன்றுகோல் பிடி நழுவும்.

துணியின் நீர்விலக்கும் பூச்சு

தண்ணீர் தெளித்தால் முத்தாக உருளாமல் துணியில் பரவி இருண்டால் பூச்சு தேய்ந்துவிட்டது. சவ்வு அப்போதும் தண்ணீரை உள்ளே விடாது. ஆனால் வெளித்துணி ஈரத்தில் ஊறி கனத்து, குளிரை உள்ளே கடத்தும், ஆவியை வெளியே விடாது.

பூச்சைப் புதுப்பிக்க இரண்டு வகைப் பொருள் கிடைக்கும்: அலசும் நீரில் கலப்பது, மேலே தெளிப்பது. ஜாக்கெட்டுக்கு எது வேண்டுமானாலும் சரி. கையுறைக்குத் தெளிப்பதே நல்லது. நீரில் கலந்தால் உள்துணியிலும் பூச்சு ஏறி, அது வேர்வையை உறிஞ்சாமல் கையிலேயே நிறுத்தும். கழுவி ஈரமாக இருக்கும்போதே ஒரு சாண் தூரத்திலிருந்து சீராகத் தெளித்து, இரண்டு நிமிடம் கழித்து வழிவதை ஒற்றி எடுங்கள். காய்ந்தபின், தோல் இல்லாத இடங்களில் மட்டும், ஹேர் டிரையரின் நடுத்தரச் சூட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். பழைய பூச்சும் சூட்டில் ஓரளவு உயிர்பெறும்.

ஒரு மாற்றத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரின் சேர்ந்த பூச்சுகள் இயற்கையில் சிதையாமல் தங்குவதால் சட்டங்கள் அவற்றை வெளியேற்றி வருகின்றன. கலிபோர்னியாவில் 2025 தொடக்கத்திலும் பிரான்சில் 2026 தொடக்கத்திலும் ஆடைகளுக்கான தடைகள் நடைமுறைக்கு வந்தன. புதுப் பூச்சுகள் நீரை நன்றாகவே விலக்கும், எண்ணெயை அவ்வளவாக விலக்காது. சன்ஸ்கிரீனும் முகப்பிசுக்கும் பட்ட இடத்தில் சீக்கிரம் நனையத் தொடங்கும். ஆகவே பழைய கையுறைக்கு ஆண்டுக்கு ஒரு கழுவல் போதுமாக இருந்தது என்றால், புதியதற்கு இரண்டாவது வேண்டியிருக்கலாம். சன்ஸ்கிரீன் பூசியபின் கையைத் துடைத்துவிட்டுக் கையுறை மாட்டுவது அதைவிடச் சுலபம்.

நாற்றமும் மின்சூட்டுக் கையுறையும்

நாற்றம் பாக்டீரியாவால் வருவது. கையுறையை உறைபெட்டியில் வைத்தால் அவை உறங்குமே தவிரச் சாகாது. ஒரு பங்கு வெள்ளை வினிகரை நான்கு பங்கு நீரில் கலந்து, துணியில் நனைத்து உள்துணியை மட்டும் துடைத்து, காற்றூதிக் காயவையுங்கள். கழற்ற முடியாத உள்துணி என்றால், உள்ளே மெல்லிய கம்பளி உறை ஒன்றைப் போட்டு, அதை மட்டும் அடிக்கடி துவைப்பது நீண்டகாலத் தீர்வு.

மின்கலத்தால் சூடாகும் கையுறைக்குத் துடைத்தல்தான், உள்ளே மெல்லிய கம்பிகள் ஓடுவதால். மின்கலத்தை எடுத்துவிட்டு, இணைப்பு முனையை நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் அந்த லித்தியம் கலத்தைப் பாதி மின்னேற்றத்தில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். முழுதாகக் காலியான நிலையில் மாதக்கணக்கில் விட்டால் திரும்ப ஏறாமலே போகலாம்.

எறியுமுன் ஒரு சோதனை

"உள்ளே தண்ணீர் புகுகிறது" என்று ஒதுக்கப்படும் கையுறைகளில் பல உண்மையில் வேர்வையால் நனைந்தவை. ஒவ்வொரு விரலிலும் டிஷ்யூ காகிதம் சுற்றி, காய்ந்த கையுறையை மாட்டி, மணிக்கட்டுப் பட்டி நனையாத ஆழத்தில் பேசின் நீரில் மூன்று நிமிடம் பிடியுங்கள். காகிதம் காய்ந்திருந்தால் சவ்வு சரி. பூச்சும் கழுவலும்தான் தேவை. எல்லா விரலிலும் ஒரேமாதிரி லேசான ஈரம் என்றால் அது வேர்வை. ஒரே விரலின் காகிதம் சொட்டச் சொட்ட நனைந்தால் அந்த விரலில் சவ்வு கிழிந்திருக்கிறது. சவ்வில்லாத கையுறை என்றால் பிரிந்த தையலைத் தைத்து, யூரித்தேன் தையல் பசையை மெல்லியதாகப் பூசி ஒரு இரவு விட்டால் பிழைத்துக்கொள்ளும். சவ்வுப் பையின் கிழிசலை வெளியிலிருந்து எட்டி ஒட்ட வழியில்லை. அந்த ஜோடியை வறண்ட, கடுங்குளிர் நாட்களுக்கு ஒதுக்கிவிட்டு, ஈரப்பனி நாட்களுக்கு வேறொன்றை வாங்குங்கள்.